கூடமும் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைச் சொன்னவர் சமவெளிக்காரராகத்தான் இருக்க வேண்டும். தஞ்சாவூரில் கூடம் கோணலாக இருக்க வழியில்லை. அதனால் அந்தப் பெண் சொன்னதைக் காதிலேயே வாங்காமல் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். குன்னூராக இருந்திருந்தால் முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கூடம் கோணல். குன்னூர் மலைச்சரிவில் கட்டிய வீடு. வாசற்படி ஓரம் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டால் அது தானாகப் புறப்பட்டு, சோபாவைச் சுற்றிக்கொண்டு, சாமி அலமாரிக்குப் போய்ச் சேரும். வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் அனுப்புகிறோம். அந்தக் கூடத்தின் மூலையில் ஒரு பேஸ் கிட்டார் சாய்ந்திருக்கிறது. அதன் கழுத்தான நெக்கும் கோணல். அதை எடுத்து வாசிக்கிற எனக்கோ வாசிக்கத் தெரியாது. ஆக, பழமொழியின் இரண்டு பாதியும் ஒரே கூரையின் கீழ் உண்மையாகிவிட்ட வீடு எங்களுடையது. இரண்டில் எதை முதலில் சரிசெய்வது, கருவியையா ஆளையா என்பதுதான் கடந்த ஆறு மாதமாக எங்கள் குடும்ப வழக்கு.

பேஸ் என்னுடையதல்ல, மகனுடையது. கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படித்தபோது ஒரு பேண்டில் சேர்ந்தான். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் கிட்டார் வைத்திருந்ததால் கடைசியாகப் போனவன் தலையில் பேஸ் விழுந்தது. விலை 7,500 ரூபாய். என்னிடம் லேப் ரெக்கார்டு செலவு என்று சொல்லி வாங்கினான். ஏழாயிரத்து ஐந்நூறுக்கு ரெக்கார்டு எழுதுகிற பிள்ளை விஞ்ஞானியாகத்தான் வருவான் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். இரண்டே நிகழ்ச்சியில் பேண்டு கலைந்தது. பெங்களூரில் வேலை கிடைத்ததும் பேஸை உறையில் போட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பீரோவுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் போய்விட்டான். வளைவுக்கு வளைவு அதன் தலை முன்சீட்டுக்காரரின் காதில் இடித்ததாகக் கேள்வி. அந்த பேஸால் முதலில் பாதிக்கப்பட்ட காது அவருடையது.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருஷம் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற மறுவாரமே, பகல் முழுக்க ஓர் ஆண்பிள்ளை வீட்டில் இருப்பது வீட்டு நிர்வாகத்துக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பது எனக்குப் பலவிதமாக உணர்த்தப்பட்டது. ஒருநாள் பீரோவுக்குப் பின்னால் விழுந்த ரேஷன் கார்டைத் துழாவப் போய் பேஸைத் தொட்டேன். கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலு. மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. கணக்கெழுதிய புத்தி உடனே கையெழுத்துப் போட்டுவிட்டது.

பேஸ் என்றால் என்ன என்று கேட்ட மனைவிக்கு நான் ரயிலை வைத்து விளக்கினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், ஊட்டிக்கு 1908-இலும் வந்துசேர்ந்த நம் மலை ரயில் இருக்கிறதே, அதில் ஏற வரும் வெளியூர்க்காரர்கள் இன்ஜினோடு படம் எடுத்துக்கொள்ள முன்பக்கம் ஓடுவார்கள். முன்பக்கம் இன்ஜின் இருக்காது. கல்லாறு தாண்டி, பல்தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற அந்த மேட்டில், குன்னூர் வரைக்கும் நீராவி இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. முன்பெட்டியில் இருப்பவர்களுக்கு மலை தெரியும், அருவி தெரியும், இன்ஜின் தெரியாது. பாடுகிறவர் முன்பெட்டி. பேஸ்தான் பின்னால் நின்று தள்ளுகிற இன்ஜின். அடியில் இருந்து தாங்குவதுதான் அதன் வேலை.

"அப்ப நீங்க தள்ளப்போறீங்களா?" என்றாள். இந்தக் கேள்வி அப்போது எனக்கு உற்சாகமூட்டுவதாகப் பட்டது.

எங்கள் தலைமுறைக்கு பேஸ் என்று ஒன்று இருப்பதைச் சொன்னவர் இளையராஜா. அவர் பாட்டுகளில் பேஸ் கல்தூண் மாதிரி நின்ற இடத்தில் நிற்காது. பாடுகிறவருக்குக் கீழே தனியாக வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அவர் குழுவில் நெடுங்காலம் அதை வாசித்தவர் சசிதரன். அந்தப் பாட்டுகளை முணுமுணுக்கிறவர்களில் இந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பக்கத்து ஊரான கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த 'மூன்றாம் பிறை' (1982) கடைசிக் காட்சியில், கமல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு குட்டிக்கரணம் அடித்தும் ஸ்ரீதேவி அடையாளம் தெரியாமல் போவாரே, பேஸ்காரர்களுக்கு அது தினப்படி அனுபவம். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நான் வாசித்தால் தெருவுக்கே அடையாளம் தெரியும்.

ஒரு மாதம் வாசித்தேன். முன்னேற்றம் ஒன்றும் தென்படாததால் கருவியில் குறை தேட ஆரம்பித்தேன். கிடைத்த குறைகள் தாராளம்.

முதல் குறை ஆக்‌ஷன். கம்பிக்கும் அதன் கீழே குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு அப்படித்தான் பெயர். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் கைக்கு இதம். எங்கள் பேஸில் ஐந்து. ரஜினி படத்தில்கூட இவ்வளவு ஆக்‌ஷன் கிடையாது. கம்பியை அழுத்திப் பிடிப்பதற்குள் பாட்டில் அடுத்த சரணம் வந்துவிடும்.

இரண்டாவது, இரைச்சல். ஆம்ப்ளிஃபயர் என்கிற பெருக்கியில் செருகியதும் ஒரு 'ம்ம்ம்' புறப்படும். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் அது இன்னும் பக்தியோடு ஒலிக்கும். விசாரித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. பேஸின் நாலாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தினால் வருகிற ஜி என்ற சுரம் நொடிக்கு 49 முறை அதிர்கிறது. அதாவது எங்கள் வீட்டு ஒயரிங் ஏறக்குறைய ஜி சுருதியில் ராப்பகலாகத் தம்பூரா போட்டுக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய என்பதுதான் இதில் கொடுமை. நான் ஜி வாசிக்கும்போதெல்லாம் ஒயரிங்குக்கும் எனக்கும் அரைக்கால் வீசம் சுருதி பேதம். இதில் ஒயரிங் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மூன்றாவதுதான் பெரிய குறை. அதைக் கண்டுபிடித்தது ஒரு டம்ளர்.

பேஸின் இரண்டாம் கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் டி என்ற சுரம். நொடிக்கு 73 அதிர்வு. மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டினாலும் அச்சாக அதே டி வர வேண்டும். சமையலறை ஸ்டாண்டின் கடைசி வளையத்தில் என் மாமியார் சீராகக் கொடுத்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று தொங்குகிறது. இந்த 73-க்கு மட்டும் அது ஸ்டாண்டோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும். வேறு எதற்கும் அசையாது. மாமியார் வீட்டுச் சீர்வரிசையில் எனக்கு எதிராகக் குரல் கொடுத்த முதல் பொருள் அதுதான். கொடுமை என்னவென்றால், இரண்டாம் கம்பிக்கு ஆடுகிற டம்ளர், மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டுக்கு ஆடாது. அங்கே வருவது டி இல்லை, டிக்குப் பக்கத்து வீடு.

"ஏங்க, தப்பு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. டம்ளருக்குத் தெரியும். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்.

மகனிடம் முறையிடலாம் என்று நான் வாசிப்பதைப் படம் பிடித்து அனுப்பினேன். "அப்பா, சத்தமே இல்லாம வீடியோ வந்திருக்கு" என்று பதில் வந்தது. பேஸின் அடிக்கம்பி நொடிக்கு 41 அதிர்வு. விரல்நகம் அளவு ஒலிபெருக்கி வைத்த போனால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. ஆகவே அவன் பார்த்தது ஒன்றரை நிமிஷம், ஒலியில்லாமல், அவன் அப்பா பல்வலிக்காரர் மாதிரி முகத்தைக் கோணுவதை. "உடம்பு சரியில்லையா?" என்று அடுத்த செய்தி.

ரசிகர் என்று சொல்ல ஒருவர் இருந்தார். குன்னூரில் காட்டெருமை தெருவுக்கு வருவது புதிதல்ல. ஒரு மாலை வாசித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒன்று வந்து நின்றது. முக்கால் மணி நேரம் அசையவில்லை. எருமைமேல் மழை பெய்த மாதிரி என்பார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பிறகுதான் மனைவி அங்கே காய்கறித் தோலைக் கொட்டியிருந்தது தெரிந்தது.

இவ்வளவு குறைகள் சேர்ந்தால் மனிதன் அடுத்து என்ன செய்வான்? ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் புது பேஸ் பார்ப்பான். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பேஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தார். துல்லியம் என்று பொருள். ஆளுயர டபுள் பேஸில் விரலைத் தோராயமாக வைத்துச் சுரம் தேடிய காலம் போய், வீணைக்கு மெட்டு இருப்பது மாதிரி ஃபிரெட் வந்ததால் எல்லாருக்கும் துல்லியம் கைகூடியது. அந்த 'எல்லாரில்' நானும் சேர்ந்துவிடலாமே என்பதுதான் என் நியாயம். ஃபெண்டர் என் விலைக்கு எட்டாத பெரிய இடம். அதன் தங்கை ஸ்குவையர், பிறகு யமஹா, ஐபானெஸ் என்று நல்ல குடும்பத்து வரன்களாகப் பார்த்து வந்தேன். ஒரு நள்ளிரவு போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த மனைவி போனைப் பிடுங்கினாள். திரையில் 'மெலிந்த கழுத்து, அந்திவானம் போன்ற நிறம்' என்கிற வகையில் வர்ணனை. படத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் நிம்மதி. விலையைப் பார்த்ததும் அது போய்விட்டது.

மறுநாள் தொழிற்சாலைப் பழக்கத்தில் ஒரு குறிப்பே தயாரித்தேன். புது பேஸ் 24,000 ரூபாய். நல்ல பேஸுக்கு நல்ல பெருக்கி வேண்டும். நல்ல பெருக்கி கெட்ட ஒயரிங்கில் இரையும், ஆகவே ரீவயரிங். ரீவயரிங்குக்குச் சுவரை வெட்ட வேண்டும். வெட்டிய சுவருக்குப் பூச்சு, பூசிய சுவருக்குப் பெயிண்ட், ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் அசிங்கம் என்பதால் நாலு சுவருக்கும். கூட்டிப் பார்த்தால் 1,40,000. இதில் பேஸின் பங்கு ஆறில் ஒன்றுதான். அதாவது மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் பேஸ் மலிவு. இந்த வாதத்தை எழுதி முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மனைவி குறிப்பைப் பொறுமையாகப் படித்தாள். "அடியில இருந்து தாங்குறதுதான் பேஸுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே?"

"ஆமா."

"வீட்டுக்கு அடியில தடுப்புச் சுவர் வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. ஐப்பசி மழைக்கு அது போச்சுன்னா, நாம கூடத்தோட கீழ் வீட்டுக்காரங்க மொட்டை மாடிக்குப் போயிடுவோம். அதுதாங்க நம்ம பேஸு. முதல்ல அதை மாத்துங்க."

சொந்த உவமையில் அடிபட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனாலும் விடவில்லை. வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். அதில் ஒரு புதையலே கிடைத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தேயிலை, பெட்டியில் போனது. ப்ளைவுட் பெட்டி, ஓரமெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். காகிதச் சாக்குகள் பிறகுதான் வந்தன. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய அந்தப் பெட்டிகள் இங்கிலாந்தில் காலியானதும் என்ன ஆயின தெரியுமா? பேஸ் ஆயின. ஐம்பதுகளில் அங்கே 'ஸ்கிஃபிள்' என்ற எளிய பாட்டு மோகம் பரவியது. பேஸ் வாங்கக் காசில்லாத பையன்கள் காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டைபோட்டு ஒரு கயிற்றை முடிச்சிட்டு, மறுமுனையைத் துடைப்பக் கட்டையின் உச்சியில் கட்டினார்கள். கட்டையைப் பெட்டி ஓரத்தில் நிறுத்திச் சாய்த்தால் கயிறு விறைக்கும், சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஜான் லெனன் பள்ளிக்கூடப் பையனாக ஆரம்பித்த, பின்னால் பீட்டில்ஸாக மாறிய குவாரிமென் குழுவில் பேஸ் என்று இருந்தது இந்தத் தேயிலைப் பெட்டிதான். 1957 ஜூலை 6-ஆம் தேதி, லிவர்பூலில் ஒரு தேவாலயத் திருவிழாவில் லெனனைப் பால் மெக்கார்ட்னி முதன்முதலாகச் சந்தித்த அன்றும் பெட்டி மேடையில் இருந்தது.

அந்தக் கதை அதோடு முடியவில்லை. லெனனின் நண்பர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் நல்ல ஓவியர். படம் ஒன்று 65 பவுண்டுக்கு விலைபோனது. நண்பர்கள் பேச்சைக் கேட்டு அந்தப் பணத்தில் ஒரு ஹாஃப்னர் பேஸ் வாங்கினார். கருவி பளபளப்பு, வாசிப்பு அப்படியில்லை. கை படுகிற பாடு தெரியாமலிருக்க முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார் என்று ஒரு கதைகூட உண்டு. 1961-இல் அவர் ஓவியத்துக்கே திரும்பிவிட, பேஸ் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. அவர் ஹாம்பர்க்கில் கடைக்குப் போனார். ஃபெண்டர் விலை கட்டுப்படியாகவில்லை. வயலின் வடிவத்தில் ஏறத்தாழ 30 பவுண்டுக்கு ஒரு ஹாஃப்னர் இருந்தது. இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் பார்க்க விகாரமாக இல்லை. அதையே வாங்கினார். பீட்டில்ஸின் ஆரம்பப் பாட்டுகளுக்கு அடியில் ஓடுவது அந்த மலிவுச் சரக்குதான். 1972-இல் அதை ஒரு வேனிலிருந்து திருடிக்கொண்டு போனார்கள்; ஐம்பது வருஷம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள். திரும்பக் கிடைத்த செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. எங்கள் வீட்டு பேஸை ஒருமுறை திண்ணையிலேயே மறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்வந்தேன். அது அங்கேயே இருந்தது. அதன்மேல் யாரோ பால் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இதையெல்லாம் நான் மனைவியிடம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். எந்தக் கட்சிக்காகப் பேச வந்தேன் என்பது பாதியிலேயே மறந்துபோனது. அவள் மறக்கவில்லை.

"பெட்டியில வாசிச்சவங்க பெரிய ஆளாயிட்டாங்க. காசு கொடுத்து நல்லது வாங்கினவரு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு. அப்படித்தானே?"

"அது வந்து..."

"ஸ்டோர் ரூம்ல உங்க ஃபேக்டரிப் பெட்டி ஒண்ணு கொலு பொம்மையோட இருக்கு. பொம்மையை இறக்கி வெச்சுட்டு அதை எடுத்துக்குங்க. துடைப்பக் கட்டை நான் தரேன்."

கடைசி முயற்சியாகக் கோயம்புத்தூர் போனேன். ஒரு கல்யாணத்தைச் சாக்கிட்டு, முகூர்த்தம் முடிந்த கையோடு ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைப் பையன் பேரப்பிள்ளைக்கா என்று விசாரித்துவிட்டு, நான் கண்ணாலேயே தின்றுகொண்டிருந்த பேஸை எடுத்துக் கொடுத்தான். நெக் வெண்ணெய். கம்பி தொட்டால் பாடுகிறது. இரைச்சல் மருந்துக்கும் இல்லை. நான் எனக்குத் தெரிந்த ஒரே பாட்டை வாசித்தேன்.

தேயிலையை ஏலத்துக்கு அனுப்பும் முன் ருசி பார்க்கிறவர்கள் அதை வெள்ளைப் பீங்கான் கோப்பையில்தான் ஊற்றுவார்கள். வெள்ளையில்தான் சாயத்தின் நிறம் தெரியும், குறையும் தெரியும். அந்த பேஸ் வெள்ளைப் பீங்கான். வீட்டு பேஸின் இரைச்சலிலும் கரகரப்பிலும் ஒளிந்துகிடந்த என் தவறுகள் ஒவ்வொன்றும் குளித்து, தலைசீவி, பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தன. பையன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தான். நான் கல்யாணத் தாம்பூலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்த வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். பக்கத்து ஊரான வெலிங்டனில் ராணுவ பேண்டில் யூஃபோனியம் என்ற பித்தளை வாத்தியம் ஊதி ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். யூஃபோனியமும் அடியிலிருந்து தாங்குகிற சாதிதான். ஆறு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் என் சங்கீதத்தைச் சகித்தவர். போரைப் பார்த்தவர்களுக்குப் பொறுமை அதிகம்.

பேஸை வாங்கி, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கியில் குறிபார்ப்பது போல நெக் நெடுகப் பார்த்தார். "வளைஞ்சிருக்கு தம்பி. ஆனா உடையல. வளைஞ்சதை நிமிர்த்தலாம்."

நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 75 கிலோ பாரத்துக்கு இழுக்கின்றன. அது என் எடை. அதாவது நான் ராப்பகலாக அந்த நெக்கில் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். அந்த இழுப்பை எதிர்த்து நிற்க நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. குன்னூரின் மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். பனிக்காலத்தில் வற்றிச் சுருங்கும். உடுப்புகள் பூசணம் பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் பல்ப் எரியவிடுகிற ஊரில், பீரோவுக்குப் பின்னால் கிடந்த மரம் நேராக இருந்தால்தான் ஆச்சரியம். அண்ணன் ஆலன் கீயை நுழைத்துக் கால் சுற்று திருப்பினார். அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் திருப்பலாமே அண்ணே?"

"கால் சுத்துக்கு மேல இன்னைக்கு வேண்டாம். ஒரு நாள் விடு. மரம் யோசிக்கட்டும்."

மறுநாள் இன்னொரு கால் சுற்று. பிறகு, கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே இருக்கும் சின்னச் சேணத்தை முன்னும் பின்னும் நகர்த்தினார். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி வரும் சுரம், சும்மா மீட்டும் சுரத்துக்கு அச்சாக இரட்டிப்பாக இருக்க வேண்டும், அதுவரை விடவில்லை. குமிழ்கள் இருக்கும் தகட்டைக் கழற்றினால், உள்ளே பிரிட்ஜுக்குப் போகிற எர்த் ஒயர் பற்றுவைப்பு விட்டுத் தனியாக நின்றது. பெருக்கியின் மூன்று முள் பிளக்கில், சாக்கெட்டில் நுழையவில்லை என்று என் அருமை மகன் எர்த் முள்ளையே உடைத்து வைத்திருந்தான். இரைச்சலுக்குக் காரணம் பேஸும் அல்ல, மின்வாரியமும் அல்ல, என் வம்சம்.

கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். விரலில் துரு ஒட்டியது. நான் தயாராக வைத்திருந்த வரலாற்றை எடுத்துவிட்டேன்: டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பாட்டுகள் பலவற்றுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பெரும்பாலும் 1962-ஆம் வருஷத்து பிரிசிஷன் ஒன்றையே வைத்துக்கொண்டு, ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தவர், கம்பி அறுந்தாலொழிய மாற்றாதவர் என்பது அந்த உலகமே அறிந்த சங்கதி.

"அவரு கம்பி வாசிச்சு வாசிச்சு அழுக்கானது. உன் கம்பி வாசிக்காம துருப்புடிச்சது" என்றார்.

கம்பி 1,600. பற்றுவைப்பும் புது பிளக்கும் 350. குமிழைத் திருகினால் வருகிற கடலை வறுக்கும் சத்தத்தைப் போக்க ஒரு குப்பி க்ளீனர் 200. ஆக மொத்தம் 2,150. என் குறிப்பில் இருந்த தொகையில் ஒன்றரைச் சதவீதம்.

வேலை முடிந்ததும் அண்ணன் பேஸை மடியில் வைத்தார். அவர் அதற்குமுன் பேஸ் தொட்டவர் இல்லை. இரண்டே சுரம். பம், பம், பம், பம். நிமிஷத்துக்கு நூற்றிருபது அடி, வெலிங்டன் மைதானத்து நடை. கூடம் மாறிவிட்டது. சுவர்க் கடிகாரம் தப்பாக ஓடுவது போலவும் இவர் சரியாக ஓடுவது போலவும் இருந்தது. இரண்டாம் கம்பிக்கும் டம்ளர் ஆடியது. மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டுக்கும் ஆடியது, அதுவும் தாளம் தப்பாமல். ஆறு மாதத்தில் முதல்முறையாக மனைவி கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"இது நம்ம பேஸாங்க?"

கருவிமேல் இருந்த பழி அந்தக் கணத்தில் விலகியது. பழி விலகிய இடத்தில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த மலையின் பழைய இசைக்காரர்கள் கோத்தர்கள். கொல்லு வேலை, தச்சு வேலை அவர்களுடையது. படகர், தோடர் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் கொள் என்ற குழலும் முரசும் வாசித்தவர்களும் அவர்களே. செய்கிற கையும் வாசிக்கிற கையும் ஒரே ஊரில் இருந்தால், கருவி சரியில்லை என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கூடத்தைக் குறை சொல்லும் பழக்கம் இந்த மலைக்கு எங்களைப் போன்றவர்களோடு பஸ்ஸில் ஏறி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்ப புதுசு வாங்கவே வேண்டாமா அண்ணே?" என்று கடைசியாகக் கேட்டேன். ஆசை அவ்வளவு லேசில் போகாது.

"ஏன் வேண்டாம்? ட்ரஸ் ராட் திருப்பியும் நெக் நிமிரலைன்னா வாங்கு. முறுக்காணி சுருதியைப் பிடிச்சு வைக்கலைன்னா வாங்கு. ரெண்டும் இல்லைன்னா, இந்த பேஸால முடியாத ஒண்ணை நீ வாசிக்க வர்ற அன்னைக்குச் சொல்லு. நானே கோயமுத்தூர் வந்து வாங்கித் தரேன்."

அவருக்கு வயது எழுபத்திரண்டு. என் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பயணத்துக்கு அவர் நூற்றிருபது வயது வரை இருக்க வேண்டிவரும்.

ஆகவே தீர்ப்பு: பேஸ் அதே பேஸ். கூடம் அதே கூடம். எலுமிச்சம்பழம் இன்னமும் வெள்ளிக்கிழமை தானாகப் போகிறது. தடுப்புச் சுவர் கட்டியாகிவிட்டது. இந்த வீட்டில் அப்கிரேடு ஆனது இன்னும் ஒன்றே ஒன்று. எனக்கு இப்போது இரண்டு இடத்தில் டி சரியாக விழுவதால் டம்ளரும் இரட்டிப்பாக ஆட, பொறுக்க முடியாத மனைவி ஆசாரியைக் கூப்பிட்டுப் பழைய ஸ்டாண்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் கனமான ஸ்டாண்டை வாங்கிச் சுவரோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டாள்.

நாலு நாளாக டம்ளர் வாய் திறக்கவில்லை. நான் வாசிக்கிறேன், சமையலறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. "ஏங்க, தப்பு" என்ற குரலும் இல்லை. சரியாக வாசிக்கிறேனா தப்பாக வாசிக்கிறேனா என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. இவ்வளவு அநாதையாக நான் எப்போதும் வாசித்ததில்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி அவள் தூங்கியபிறகு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பூனைபோலச் சமையலறைக்குப் போனேன். ஒரே ஒரு ஸ்க்ரூ. கால் சுற்று. அதற்குமேல் வேண்டாம் என்று தீர்மானம். விளக்கைப் போடாமல் தடவித் தடவி, டம்ளர் தொங்கும் கடைசி வளையத்துப் பக்கத்து ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து விரலை வைத்தேன்.

அது ஏற்கெனவே கால் சுற்று தளர்ந்திருந்தது.

இந்த வீட்டில் மறை கழன்ற ஆள் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.